தினம் ஒரு படம்: வெட்டியதும் வெளுத்ததும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டார்கள். கவிதையை இன்னொரு நாள் வாசிக்கிறேன், இன்றைக்கு வேறு ஒன்று பேசலாமா என்று கேட்டேன். தினமும் ஒரு போட்டோ எடுக்கிறேன், ராத்திரி உட்கார்ந்து அதைச் சரி பண்ணுகிறேன், அதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'சரி தோழர், பொழுதுபோக்கு பத்தியும் பேச வேண்டியதுதானே' என்று பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார்கள்.

அந்தப் பொழுதுபோக்கு என்கிற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். எங்கப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்கிற பிரச்சினை வாழ்நாளில் ஒருமுறைகூட வந்ததில்லை. பொழுது போதவில்லை என்பதுதான் அவர் பிரச்சினை. விடியறதுக்கு முன்னாடி அடுத்தவன் கழனியில இறங்கி, இருட்டினப்புறம் கரையேறின மனுசன். எங்க குடும்பத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பொழுது சொந்தமாக மிஞ்சிய முதல் ஆள் நான்தான். வங்கியில் குமாஸ்தா வேலை. படிப்பும் இடஒதுக்கீடும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த பொழுது அது. அதை எதில் செலவழிக்கிறோம் என்பது என்னைப் பொறுத்தவரை சின்ன விஷயம் இல்லை.

எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாவது அலையில் அம்மா போயிட்டாங்க. காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். வீடு முழுக்கத் தேடினோம். ஐம்பத்தெட்டு வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு ஆதார் அட்டையில் ஒரு படம், தங்கச்சி கல்யாண ஆல்பத்தில் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கிற ஒரு படம், அவ்வளவுதான். அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்தான். பின்னால் நீலத் திரை வைத்தான். அம்மா கட்டாத ஒரு பட்டுச்சேலையைக் கட்டினான். போடாத சங்கிலி ஒன்றைப் போட்டான். கடைசியாக முகத்தை வெளுத்தான். 'எல்லாரும் இப்பிடித்தாண்ணா கேப்பாங்க' என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

படத்தைக் கொண்டுவந்து மாட்டினோம். அப்போது நாலு வயசு என் மகளுக்கு. அவள் கேட்டாள்: 'இது எந்த ஆயா?' எங்கப்பா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: 'படம் நல்லாத்தான் கீது. அவதான் இல்ல.'

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அம்மா பாத்திரம் விளக்குகிற கல்லை செல்போனில் எடுத்தேன். அதுதான் முதல் படம். அன்றிலிருந்து தினம் ஒன்று. போன் தண்ணீரில் விழுந்து முப்பத்தேழு நாள் படங்கள் போய்விட்டன. மிச்சம் ஆயிரத்து நானூறுக்கு மேல் இருக்கிறது.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வேலை இல்லை. ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒரு அமெரிக்கர். 1979 மார்ச் 31 அன்று, பார்ட் கல்லூரியில் மாணவராக இருந்தபோது தொடங்கினார். கையில் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமரா. பொத்தானை அமுக்கினால் படமே வெளியில் வந்து விழும், கண்ணெதிரே மெல்ல மெல்லத் தெளியும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் என்பது அவர் விதி. எடுத்த பிறகு அதைவிட நல்ல காட்சி எதிரில் வந்து நின்றாலும் எடுப்பதில்லை. நண்பர்கள், சாப்பாட்டு மேசை, தெரு, பேஸ்பால் ஆட்டம் என்று பதினெட்டு வருஷத்துக்கு மேல் போகிறது. கடைசிப் பக்கங்களில் ஆஸ்பத்திரிக் கட்டில் வருகிறது. கல்யாண மோதிரம் வருகிறது. 1997 அக்டோபர் 25, அவருடைய 41-ஆவது பிறந்த நாள். அன்றைக்கே புற்றுநோயில் இறந்துபோனார். அன்றோடு படமும் நிற்கிறது. 2007-இல் நண்பர்கள் சேர்ந்து அதே கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள். மொத்தம் 6,697 படங்கள். தனித்தனியாகப் பார்த்தால் பல படங்கள் ரொம்பச் சாதாரணம். வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு மனுசன் இருந்தான், பிறகு இல்லாமல் போனான் என்பது தெரிகிறது.

அதே போலராய்டு கம்பெனியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. நான் தினமும் பாஸ்புக் அச்சடித்துக் கொடுக்கிறவன். தென்னாப்பிரிக்காவில் பாஸ்புக் என்றால் வேறு. நிறவெறி ஆட்சியில் கருப்பு மக்கள் எங்கே போனாலும் அதைச் சுமக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், இல்லையென்றால் சிறை. அதில் ஒட்டுகிற படத்துக்குப் போலராய்டு பயன்பட்டது. 1970-இல் அந்தக் கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகத்தில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கருப்புத் தோழர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். போலராய்டு புரட்சிகரத் தொழிலாளர் இயக்கம் என்று தொடங்கிப் போராடினார்கள். கரோலின் ஹன்டரை வேலையை விட்டே நீக்கினார்கள். கடைசியில் 1977-இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஒருவனுக்குத் தன் நாளைத் தானே எழுதிவைக்கக் கொடுத்த கருவி, இன்னொருவனை அடையாளம் குறித்து அடைத்துவைக்கவும் உதவியிருக்கிறது. கேமரா யார் கையில், யாரைப் பார்த்து, யார் கேட்டு எடுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

நம்ம கதையும் அதுதான். நம் ஜனங்களை முதலில் படம் பிடித்தது யார்? வெள்ளை அதிகாரிகள். 'இந்திய மக்கள்' என்ற பெயரில் 1868-இலிருந்து 1875 வரை எட்டுத் தொகுதிகள் போட்டார்கள். சாதி வாரியாக, இனம் வாரியாக, நிற்க வைத்து எடுத்த படங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் நம்மவர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து, 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குச் சாதிப் பெயர் உண்டு. ஆள் பெயரைக் காண்பது அரிது. இன்றைக்கும் எங்க தெருவில் செல்போனைத் தூக்கினால், 'எதுக்கு எடுக்கிற?' என்று கேட்பார்கள். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. நம்ம ஆளையே சந்தேகப்படுறாங்களே என்று நினைத்தேன். இப்போது அது சரியான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் இல்லாதவன் படம் எடுக்கக் கூடாது.

இப்போது எடிட் பண்ணுகிற விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நான் முக்கியமாகப் பேச வந்தது அதைத்தான். எடுப்பது ஒரு நொடி. எதிரில் இருப்பது நம்மை இழுக்கிறது, எடுத்துவிடுகிறோம். ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு, அந்தப் படத்தோடு அரைமணி நேரம் தனியாக உட்காரும்போதுதான் நாம் யார் என்று தெரிகிறது. எதை வெட்டுகிறோம், எதை வெளிச்சமாக்குகிறோம், எதை அசிங்கம் என்று நினைக்கிறோம். யாரும் பார்க்காதபோது கை தானாகப் போகிற இடம் இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் வெளுப்பது பற்றி. எங்க கிளையில் புதுக் கணக்கு தொடங்க வருகிறவர்கள் பாஸ்போர்ட் சைஸ் படம் கொண்டுவருவார்கள். நான் படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பவர் கோதுமை நிறத்தில் இருப்பார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற அக்கா வெயிலில் நூறு நாள் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒருமுறை பக்கத்து சீட்டில் இருந்தவர் ஒரு அம்மாவிடம், 'இது நீதானா?' என்று சத்தமாகக் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, 'நாந்தான் சார், ஸ்டுடியோவுல அப்பிடிப் பண்ணிட்டாங்க' என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற குரல். வெளுத்தவன் ஒருத்தன், சிரித்தவன் இன்னொருத்தன், கூனிப்போனது இந்த அம்மா.

ஏதோ நம்மூர் ஸ்டுடியோக்காரன் புத்தி என்று இதை விட்டுவிட முடியாது. வேர் அதைவிட ஆழத்தில் இருக்கிறது. கலர் பிலிம் காலத்தில், பிரிண்ட் போடுகிற லேப்களுக்கு நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்க கோடாக் கம்பெனி ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கருப்புத் தோலின் நுட்பமான வேறுபாடுகளைப் பிடிக்கிற மாதிரி பிலிம் வடிவமைக்கப்படவே இல்லை. இதைப் பற்றிக் கனடாவின் லோர்னா ராத் 2009-இல் விரிவாக எழுதினார். பிலிமின் வேதியியல் மாறியதற்கு முக்கியக் காரணமாக அவர் சொல்வதைக் கேளுங்கள்: சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி மேசை விற்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று புகார் செய்தார்களாம். மனுசத் தோலுக்காக மாறாதது சாக்லேட்டுக்காக மாறியது.

இப்போது செல்போன் காலம். பிலிம் இல்லை, அட்டை இல்லை. ஆனால் பல போன்களில் அழகூட்டும் வசதி என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் முகத்தை வழவழப்பாக்கி வெளுத்தும் விடுகிறது. நாம் கேட்காமலே அது வேலை செய்கிற போன்களும் உண்டு. போனை வாங்கியதும் அதை அணைத்துவைக்க வேண்டும். அணைக்கலாம், ஆனால் நம் விரலுக்குள் இருப்பதை எப்படி அணைப்பது? நான் ஸ்னாப்சீட் என்கிற செயலியில்தான் எடிட் பண்ணுகிறேன், காசு கிடையாது. முதல் சில மாதப் படங்களை ஒருநாள் வரிசையாகப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர்கள் இருக்கிற ஒவ்வொரு படத்திலும் முகத்தை வெளுத்திருக்கிறேன். எங்கப்பாவை வெளுத்திருக்கிறேன். என் மகளை வெளுத்திருக்கிறேன். கருப்பே அழகு என்று மேடையில் கவிதை வாசித்தவன் நான். ஸ்டுடியோப் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் காசு வாங்கிக்கொண்டு செய்தான். நான் சும்மாவே செய்திருக்கிறேன்.

அடுத்து வெட்டுவது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

எங்க கிளையைக் கூட்டிப் பெருக்க ஒரு அக்கா வருவார். பல வருஷமாகத் தினக்கூலிதான். நிரந்தரம் கிடையாது. ஆபீசுக்குள்ளே என்னை சார் என்பார், கேட்டுக்கு வெளியில் வந்தால் தம்பி. எங்க ஊருக்குப் பக்கத்து ஊர்தான். 2022 கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள். வேலையை ஒரு ஏஜென்சிக்கு விட்டாச்சு, நாளையிலேர்ந்து வர வேணாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு சாயங்காலம் கேட்டுக்கு வெளியில் நின்று என்னைக் கூப்பிட்டார். 'தம்பி, தெனம் எதையாவது புடிச்சிக்கினே இருக்கியே, அதுல நான் எங்கனா இருக்கனா? இருந்தா ஒண்ணு குடேன். இத்தினி வருசம் இங்க இருந்தேன்னு வச்சிக்கிறேன்.'

கண்டிப்பா தர்றேன்கா என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்கத் தேடினேன். அப்போது ஐந்நூறு படங்களுக்கு மேல் இருந்தது. வங்கி வாசலில் டோக்கனுக்குக் காத்திருக்கிற கிழவர்கள், நகைக்கடன் வரிசை, ஜன்னல் வழியாக விழுகிற வெயில், ரேகை தேய்ந்து மெஷின் ஏற்றுக்கொள்ளாத ஒரு கை என்று எல்லாம் இருக்கிறது. அக்கா பதினோரு படத்தில் இருந்தார். எப்படி இருந்தார் என்றால், ஒரு படத்தில் முழங்கை. ஒரு படத்தில் விளக்குமாற்று நுனி. ஒன்றில் பக்கெட்டும் சேலைக் கரையும். ஒன்றில் தரையில் நிழல் மட்டும். முகம் ஒன்றில்கூட இல்லை. எடுக்கும்போது அவர் முழுசாக இருந்திருக்கிறார். ராத்திரி உட்கார்ந்து நான் ஓரத்தை வெட்டியிருக்கிறேன். படம் நன்றாக அமைய வேண்டும் இல்லையா? வெயில்தானே விஷயம், பக்கெட் எதற்கு என்று வெட்டியிருக்கிறேன். வெட்டியதையே மூலப்படத்தின்மேல் சேமித்தும் விட்டேன். திரும்ப எடுக்க முடியாது.

விளிம்பு, மையம் என்று நாம் கட்டுரை கட்டுரையாக எழுதுகிறோம். என் படத்தின் விளிம்பில் உயிரோடு நின்ற ஒரு ஆளை என் விரலாலேயே வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடக்கிறது என்பதுதான் பயமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன். படத்தில் இருந்தீங்க, நான்தான் வெட்டிட்டேன்கா என்றேன். அவர் கோபப்படவில்லை. 'அதுக்கின்னா, இப்ப புடி' என்றார். எனக்கு உடனே ஒரு படம் மனதில் ஓடியது. விளக்குமாற்றோடு அவர், பின்னால் மூடின வங்கிக் கதவு. நம் பத்திரிகை அட்டைக்குப் போகிற மாதிரி படம். மெதுவாகக் கேட்டும் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். 'தெடப்பத்த புடிச்சிக்கினு நிக்கறதுக்கா போட்டோ? இரு, வர்றேன்' என்று உள்ளே போய், பேத்தி காதுகுத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்தார். நாற்காலி போடச் சொன்னார். உட்கார்ந்தார். 'ம், இப்ப புடி.'

எனக்கு அன்றைக்கு இரண்டு பேர் ஞாபகம் வந்தார்கள். ஒருவர் கார்டன் பார்க்ஸ். 1942-இல் வாஷிங்டனில் அரசு அலுவலகம் ஒன்றில் புகைப்படக்காரராகச் சேர்ந்த கருப்பு இளைஞர். அதே கட்டிடத்தைக் கூட்டிப் பெருக்குகிற எல்லா வாட்சன் என்கிற அம்மாவை, அமெரிக்கக் கொடிக்கு முன்னால், ஒரு பக்கம் துடைப்பம், ஒரு பக்கம் துடைப்பான் வைத்து நிற்கவைத்து எடுத்தார். உலகப் புகழ் பெற்ற படம். ஆனால் பார்க்ஸ் அதோடு நிற்கவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார், பேரப்பிள்ளைகளோடு எடுத்தார், சர்ச்சில் எடுத்தார். துடைப்பத்தோடு நிற்கிற படம் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு போஸ்டர். மற்ற படங்களும் இருப்பதால் அது எல்லா வாட்சன் என்கிற ஒரு ஆள்.

இன்னொருவர் ஃபிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பி வந்து, அடிமை ஒழிப்புக்காக வாழ்நாளெல்லாம் பேசியவர். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர்களில் முதல் வரிசை, சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. நல்ல கோட்டு, வாரின தலை, சிரிப்பில்லாத முகம். சந்தோஷமான அடிமை என்று வெள்ளைக்காரர்கள் வரைந்துவைத்திருந்த சித்திரத்துக்குத் தன் முகத்தாலேயே பதில் சொன்னார். தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தானே முடிவு பண்ணினார். நாற்காலி போடச் சொன்ன அக்காவும் அதைத்தான் பண்ணினார். டக்ளஸைப் படித்த நான் துடைப்பத்தைக் கேட்டேன். படிக்காத அவர் நாற்காலியைக் கேட்டார்.

கதை இன்னும் முடியவில்லை. எடுத்த படத்தைக் காட்டியதும் அக்கா சொன்னார்: 'இன்னா இவ்ளோ கருப்பா கீறேன். கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடேன்.'

என்ன செய்வீர்கள் தோழர்களே? கருப்பின் அரசியல் பற்றி அவருக்கு வகுப்பு எடுக்கவா? படத்தைத் திரும்பப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அவர் நிறத்தைவிடப் படம் கருப்பாக இருந்தது. கண் இருக்கிற இடமே தெரியவில்லை. ஏன் என்றால் பின்னால் புதுசாக வெள்ளையடித்த சுவர், உச்சி வெயில். கேமரா பெரும்பாலும் சட்டத்துக்குள் இருக்கிற மொத்த வெளிச்சத்தையும் சராசரி எடுத்து, அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுவர் பளீரென்று இருந்தால் மொத்தத்தையும் இருட்டாக்கும். சுவர் பிழைத்துக்கொள்ளும், முகம் செத்துப்போகும். நம்ம ஆட்களின் படங்கள் பாதி இப்படித்தான் கெடுகின்றன. அதற்கு மருந்தாக முகத்தை வெளுக்கிறார்கள். கெடுத்தது ஒரு தப்பு, மருந்து இன்னொரு தப்பு.

நாற்காலியைத் தூக்கித் தாழ்வாரத்து நிழலில் போட்டேன். வெயில் நேராக விழாது, மண்தரையில் பட்டு மெத்தென்று மேலே வரும். பின்னால் வெள்ளைச் சுவருக்குப் பதிலாக மரக்கதவு. திரையில் அவர் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவுதான். கண் வந்தது, கன்னத்து எலும்பு வந்தது, மூக்குத்தி வந்தது, நெற்றியில் ஒரு மினுக்கம் வந்தது. நிறம் அவர் நிறமேதான். ராத்திரி எடிட்டிலும் நிழலைக் கொஞ்சம் தூக்கினேன், நெற்றி மினுக்கத்தைத் தொடவில்லை. கருப்புத் தோலுக்கு அந்த மினுக்கம்தான் உயிர். வழவழப்பாக்குகிறவர்கள் முதலில் அழிப்பதும் அதைத்தான். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்தார். 'நாந்தானா? பரவால்லியே' என்றார். வெளுப்பு பற்றி அப்புறம் பேசவில்லை. அவர் கேட்டது வெளுப்பு இல்லை, தெரிய வேண்டும் என்பதுதான். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் வெளுத்துத்தான் ஆக வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ராய் டிகராவா என்று ஒரு கலைஞர். 1919-இல் ஹார்லெமில் பிறந்து 2009-இல் இறந்தார். கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோடு சேர்ந்து 1955-இல் ஹார்லெம் குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டவர். அவர் படங்கள் இருட்டாக இருக்கும். பிரிண்டை வெளுக்க மாட்டார். கருப்புக்கும் சாம்பலுக்கும் நடுவிலேயே எத்தனையோ படிகள் வைத்திருப்பார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால்தான் இருட்டுக்குள்ளிருந்து முகம் மேலே வரும். பார்க்கிறவன் கண்ணைப் பழக்கிக்கொள்ளட்டும், முகம் வெளுக்க வேண்டிய அவசியமில்லை என்பது மாதிரி. அழகியல் பற்றி நாம் பேசுகிற பேச்செல்லாம் கடைசியில் இப்படிக் கை வேலையில்தான் நிரூபணமாக வேண்டும்.

ஒரு தோழர் என்னைக் கேட்டார்: 'அந்த அரைமணி நேரத்தில் ஒரு துண்டறிக்கை எழுதலாமே?' எழுதலாம், எழுதிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் தெருவுக்குக் கேமரா எப்போது வருகிறது? குடிசை எரிந்தால் வரும். பிணம் விழுந்தால் வரும். 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் 44 பேர் எரிந்த பிறகுதான் அப்படி ஓர் ஊர் இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது. டிசம்பர் 24-ஆம் தேதி அந்த ஊர் எப்படி இருந்தது? யார் யார் பல்லாங்குழி ஆடினார்கள், எந்தப் பிள்ளை எந்தத் திண்ணையில் தூங்கியது? சாவைப் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்கிற நம் தோழர்கள் இருக்கிறார்கள். மலக்குழி மரணங்களை வருஷக்கணக்காக விடாமல் எடுத்துவருகிற எம். பழனிகுமார் மாதிரி ஆட்களின் உழைப்புக்கு முன்னால் என் வேலை தூசு. ஆனால் சாவு மட்டுமே நம் ஆல்பமாக ஆகிவிடக் கூடாது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் நாம் சமைக்கிறோம், சண்டை போடுகிறோம், சீட்டுக் கட்டுகிறோம், பேத்திக்குக் காது குத்துகிறோம். அதற்கும் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியைச் சொல்ல வெளியிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

மாணவத் தோழர்களுக்கு, தொடங்க நினைத்தால், நான் அடிபட்டுக் கற்றதை மட்டும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான். நூறு எடுத்துப் பத்து வைத்துக்கொள்வது வேறு வேலை. ஒன்று என்று வைத்தால்தான் நாள் முழுக்கக் கண் விழித்திருக்கும். மூலப்படத்தின்மேல் கைவைக்காதீர்கள், நகல் எடுத்து அதில் எடிட் பண்ணுங்கள். எதையாவது வெட்டினால், வெட்டியது என்ன என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். 'இடது ஓரம், தண்ணி கேன் தூக்கும் பையன்' என்று எழுதும்போதே பாதி நாள் வெட்ட மனசு வராது. முகத்தை மட்டும் தனியாகத் தொட்டு வெளுக்காதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் ஆளை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போங்கள். கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். தேதியையும் பெயரையும் எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்டது அதைத்தான். மாதம் ஒருமுறை சிலதையாவது பிரிண்ட் போட்டு, யாருடையதோ அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். போன் தண்ணீரில் விழும். சுவரில் மாட்டினது விழாது.

அம்மா படம் பற்றிச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. அந்தக் கல்யாண ஆல்பத்தைத் திரும்ப எடுத்து, ஓரத்தில் நிற்கிற அம்மாவை இருக்கிறபடியே ஸ்கேன் பண்ணினேன். பாதி முகத்தை யாரோ ஒரு சித்தப்பாவின் தோள் மறைக்கிறது. அந்தத் தோளை வெட்டவில்லை. முகத்தை வெளுக்கவில்லை. ஸ்டுடியோ படத்தை எங்கப்பா கழற்ற விடவில்லை, மாலை போட்ட படத்தைக் கழற்றக் கூடாது என்கிறார். அதனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. என் மகளுக்கு இப்போது விவரம் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தால் பாதி முகத்தைக் காட்டித்தான் 'எங்க ஆயா' என்கிறாள்.

இன்றைக்குப் படம் இன்னும் எடுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இந்த நாற்காலிகளை அடுக்கப்போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் காலி நாற்காலியை எடுத்துக்கொண்டு போகிறேன்.